முகுந்தனுக்கு யார் பொறுப்பு?

பிரிக்ஃபீல்ட்ஸ்
3 மார்ச் 2025

அன்புள்ள ஷார்மைன்,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று எங்கள் முருகனிடமும் உங்கள் ஆண்டவரிடமும் சேர்த்தே சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பேரில் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வயதில் என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். கடைசியாக நான் கடிதம் எழுதியது தமிழ்ப்பள்ளியில், தலைமை ஆசிரியருக்கு, விடுப்புக் கேட்டு. அதையும் நீதான் எழுதிக் கொடுத்தாய். போனை அணைத்து உன் தங்கை டோரிஸின் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாய் என்று நம் கம்பெனி லோகன் சொன்னான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்த டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டு நீ போனில் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாய். அதன் மணி கேட்டாலே உனக்கு நெஞ்சு அடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? லோகன் லோரியோடு காப்பார் பக்கம் வரும்போதெல்லாம் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவனிடமே கொடு. அவன் பிரித்துப் படிக்க மாட்டான், வாயால் கேட்டே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தொழில் பாதுகாப்பு இலாகாவின் அந்த அதிகாரி அம்மாள் மறுபடியும் ஓப்பிசுக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றார், நாற்காலி வேண்டாம் என்றார். நின்றபடியே மலாயில் ஒரே ஒரு கேள்வி. "சியாப்பா கெத்துவா?" இந்தக் கம்பெனியில் டேங்க் வேலைக்குத் தலைவர் யார், ஒரு பெயர் சொல்லுங்கள் என்கிறார். லோகன் என்னைப் பார்த்தான். நான் லோகனைப் பார்த்தேன். கிஷன் கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தான். அந்த அம்மாள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அன்றைக்கும் இப்படித்தான் நின்றீர்களா?" என்று கேட்டார். எனக்கு மேலெல்லாம் எரிந்தது.  

சட்டம் இதுதான். ஒரே பெயர். அந்த ஆள் சொன்னால்தான் டேங்குக்குள் ஆள் இறங்கலாம். அந்த ஆள் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். உள்ளே எவனுக்காவது உயிர் போனால் அந்த ஆள்தான் கோர்ட்டில் நிற்க வேண்டும். பெயர் கொடுக்கும் வரை டேங்க் வேலை கிடையாது. பையன்கள் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறார்கள், மீதிப் பேர் கூட்டித் துடைக்கிற வேலைக்கு மட்டும் போகிறார்கள். பெயர் கொடுக்கிறேன் என்று ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு உன் பெயர்தான் தோன்றுகிறது. நாம் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் பல் டாக்டர் கிளினிக்கைக் கூட்டித் துடைத்து இந்தக் கம்பெனியை ஆரம்பித்த நாளிலிருந்தே நான் பேசி வேலை பிடிப்பேன், நீ நின்று செய்ய வைப்பாய். கிளினிக்கிலிருந்து தொழிற்சாலைக்கும் அங்கிருந்து எண்ணெய் டேங்க் கழுவுவதற்கும் வந்தது உன் கையால். பையன்கள் உனக்குத்தான் பயப்படுவார்கள். எனக்குச் சிரிப்பார்கள்.

இங்கே காலையில் பெயர் கூப்பிடும்போது ஒன்று நடக்கிறது. லோகன் ஒவ்வொரு பெயராகச் சொல்வான், பையன்கள் இருக்கிறேன் என்பதற்கு "அடா" என்று மலாயில் பதில் சொல்வார்கள், தெரியும் அல்லவா. முகுந்தன் பெயர் வரும் இடத்தில் லோகன் அதைச் சொல்வதில்லை. ஆனால் மூச்சு விடும் நேரம் நிற்கிறான். எல்லோரும் தலையைக் குனிந்து அந்த நேரத்தைக் கடக்கிறார்கள். நிற்காதே என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, பெயரைச் சொல் என்று சொல்லவும் வரவில்லை.

வா, ஷார்மைன். இல்லாவிட்டால் பெயரையாவது அனுப்பு.

உன்
தாமரை


காப்பார்
7 மார்ச் 2025

அன்புள்ள தாமரை,

உன் கடிதம் கிடைத்தது. நீ அனுப்பிய முறுக்கும் கிடைத்தது, பாதியை லோகன் வழியிலேயே தின்றிருக்கிறான். டோரிஸ் உன்னை விசாரித்தாள்.

என் பெயர் வேண்டாம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

கதவைச் சாத்தி நடத்திய விசாரணையில் நான் சொன்னதை நீ கேட்டாய். ஆனால் நீ அந்த முற்றத்தில் இல்லை, அதனால் மறுபடி எழுதுகிறேன். உள்ளே இறங்கியவன் அவ்வப்போது ஸ்பேனரால் டேங்க் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவான். வாசலில் நிற்பவன் பதிலுக்கு இரண்டு தட்டுவான். இருக்கிறேன், நானும் இருக்கிறேன், அவ்வளவுதான். வாசலில் நிற்க வேண்டிய கிஷனைக் காவலாளி லோரியை நகர்த்தச் சொல்லிக் கத்தினான். கிஷன் போகும்போது "பார்த்துக்குங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். லோகன் இருந்தான். பம்ப் ஓட்டுகிறவர் இருந்தார். நான் இருந்தேன். நீ போனில் நாளைக்குள் முடித்தாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய், நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

முகுந்தன் தட்டினான். எனக்குக் கேட்டது. லோகன் பதில் தட்டுவான் என்று நினைத்தேன். பாஸ் நானே நிற்கிறேன், நான் தட்டுவேன் என்று லோகன் நினைத்தான். முகுந்தன் மறுபடியும் தட்டினான். பிறகு தட்டவில்லை. தட்டாததைக் கவனிக்க எங்களுக்கு இன்னும் நேரம் பிடித்தது. உள்ளே கெட்ட காற்று. தூக்கி வெளியே போட்டபோது ஸ்பேனர் அவன் கையில்தான் இருந்தது.

இங்கே பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக் கோழிக்கூடு கட்டுகிறார். நாள் முழுதும் ஆணி அடிக்கிறார். அவர் அடித்து நிறுத்தினால் நான் அடுக்களையிலிருந்து அகப்பையை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிடுகிறேன். தட்டாமல் இருக்க முடியவில்லை. டோரிஸ் முதலில் சிரித்தாள். நேற்று அவள் சிரிக்கவில்லை. "அக்கா, அவரு ஆணி அடிக்கிறாரு லா. உனக்கா தட்டுறாரு? நீ ஏன் பதில் தட்டுற?" என்றாள். தண்ணீர்க் குழாய் சத்தம் போட்டாலும் தட்டுகிறேன். குளியலறையில் டோரிஸ் வாளியை வைத்தாலும் தட்டுகிறேன். பாவம் அந்த பாக்சிக், மரியாதைக்காக அவரும் இப்போது எனக்குப் பதில் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டும் சும்மா இருந்தவள் நான். என்னைப் போய்த் தலைவியாகப் போடச் சொல்கிறாய். நாளைக்கு எவனாவது உள்ளே இறங்கினால் நான் அந்த டேங்கை விட்டு நகர மாட்டேன், வேலையையும் நடக்க விட மாட்டேன். உன் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஓடிப்போவார்கள்.

வேறு ஆளைப் பார்.

ஷார்மைன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
12 மார்ச் 2025

அன்புள்ள ஷார்மைன்,

கோழிக்கூட்டுக்குத் தந்தி அடிக்கிறவளே, உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு டீக்கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். தே தாரே கொண்டுவந்த ஆள் பயந்துபோய்க் காசு வாங்காமல் போய்விட்டார். மறுநாள் போய்க் கொடுத்தேன்.

சரி, உன்னைத் தனியாக நிறுத்த மாட்டேன். எனக்கு ஒரு யோசனை. குழுவாகப் போடுவோம். நீ, நான், லோகன். வாரம் ஒருவர் தலைவர். ஒருவர் இல்லாவிட்டாலும் இன்னொருவர் இருப்போம். சுமையும் மூன்றாகப் பிரிந்துவிடும். அந்த அதிகாரி அம்மாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். பேசிப் பேசியே கல்லைக் கரைப்பேன் என்று நீதானே சொல்வாய்.

ஓப்பிசில் இன்னொரு தலைவலி. நம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் முகுந்தன் எண் இன்னும் இருக்கிறது. போன் அவன் மனைவி மலரிடம் இருக்கிறது போல. நாம் எது போட்டாலும் அந்த எண்ணும் படித்ததாகக் காட்டுகிறது. லோரி எத்தனை மணிக்கு வரும், யார் பூட்ஸ் காணோம், எல்லாவற்றையும் முகுந்தன் படிக்கிறான். எண்ணை எடுத்துவிடு என்று கிஷனிடம் சொன்னேன். "நீங்களே எடுங்க அக்கா, எனக்குக் கை வரல" என்கிறான். லோகனிடம் சொன்னேன், கேட்காததுபோல் போய்விட்டான். எனக்கும் கை வரவில்லை. அதனால் குழுவில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. கேலிப்படம் போடுவதில்லை. இறந்தவன் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் எல்லோரும் மரியாதையாக லோரி நேரம் மட்டும் போடுகிறார்கள்.

குழு விஷயத்துக்குச் சரி என்று எழுது. பையன்கள் தினமும் போன் செய்து எப்போது வேலை என்று கேட்கிறார்கள்.

உன்
தாமரை


காப்பார்
15 மார்ச் 2025

தாமரை,

குழுவா? அன்றைக்கு அந்த முற்றத்தில் நாங்கள் குழுவாகத்தான் நின்றோம்.

ஒருவர் மட்டும் நின்றிருந்தால், அது கிஷனாக இருந்தாலும் சரி, காவலாளியாக இருந்தாலும் சரி, தட்டியிருப்பார். அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. நாங்கள் பலர் இருந்ததால்தான் அவன் செத்தான். இது உனக்கு இன்னும் விளங்கவில்லையா, இல்லை விளங்காததுபோல் எழுதுகிறாயா? வாரம் ஒருவர் என்கிறாய். ஞாயிறு இரவு ஒரு வாரம் முடிந்து திங்கள் காலை இன்னொன்று தொடங்கும் அந்த நேரத்தில் ஒருவன் உள்ளே இருந்தால் அவன் யாருடைய ஆள்?

ஒரே பெயர். அந்த அம்மாள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நீ அவரிடம் போய்ப் பேசிக் கரைக்காதே.

மலர் போனை வைத்திருக்கிறாளா? அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ எழுதவில்லை. நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. அடக்கத்தன்று தூரத்தில் நின்றுவிட்டு வந்ததோடு சரி. யார் போனார்கள் என்று எழுது.

ஷார்மைன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
24 மார்ச் 2025

அன்புள்ள ஷார்மைன்,

கோபத்தில் எழுதினாலும் உன் கையெழுத்து மட்டும் அழகாகவே இருக்கிறது.

பிரச்சினை தீர்ந்தது. லோகன் ஒத்துக்கொண்டான். நம்மோடு இத்தனை வருஷம் இருக்கிறான், டேங்க் அவனுக்குத் தெரியும், பையன்கள் அவன் பேச்சைக் கேட்பார்கள். சம்பளமும் கூட்டிக் கொடுத்திருக்கிறேன், அவன் மகளை யூனிவர்சிட்டியில் சேர்த்திருக்கிறான் அல்லவா. அதிகாரி அம்மாள் அவன் பெயரை எழுதிக்கொண்டார். தலைவருக்கு என்று ஒரு சிவப்பு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான், எல்லோரும் கை தட்டினோம். வியாழக்கிழமை ஷா ஆலத்தில் வேலை ஆரம்பிக்கிறது.

மலரைப் பார்க்க ஓப்பிசிலிருந்து சிலர் போனார்கள். நஷ்ட ஈட்டுக்காரர்களும் போனார்கள். நான் அவர்களோடு போய் வாசலில் நின்றேன், கூட்டமாக இருந்தது, பேச முடியவில்லை. அவளுக்கு வேண்டியதை எல்லாம் செய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி உனக்கு ஒரு கவலையும் இல்லை. மெதுவாக உடம்பைத் தேற்றிக்கொண்டு வா. உன் மேசையைத் தினமும் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்
தாமரை


காப்பார்
2 ஏப்ரல் 2025

தாமரை,

நேற்று லோகன் வந்தான். வாசலில் லோரியை நிறுத்தியவன் உள்ளே வரவில்லை. நான் தேநீரோடு வெளியே போனேன். அந்தச் சிவப்பு ஹெல்மெட் பக்கத்து இருக்கையில் கிடந்தது.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மாற்றிச் சொல்லாமல் இருக்க.

"அக்கா, ஷா ஆலத்துல காத்து சரியில்ல. காத்து பாக்குற மெஷின் கொஞ்சம் சத்தம் போட்டுச்சு. நான் நிறுத்துங்கடான்னு சொல்லிட்டேன். பேக்டரி மேனேஜர் தாமரை அக்காவுக்குப் போன் அடிச்சிட்டாரு. அக்கா எனக்கு அடிச்சாங்க. 'இன்னொரு தடவ பாத்துட்டு ஆரம்பிச்சிடு லா, லோகன், இவங்கள விட்டா வேற ஆளு இல்ல'ன்னாங்க. நான் இன்னொரு தடவ பாத்தேன். மெஷின் சத்தம் போடல. இறக்கிட்டேன். ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். ஆனா அன்னிக்கு பூரா வாசல விட்டு நான் நகரவே இல்ல. மூத்திரம் போகக்கூட நகரல. பேரு என்னோடது அக்கா, போனு அவங்களோடது. எனக்கு இது வேணாம்."

ஒன்றும் ஆகவில்லை என்று நீ எழுதுவாய், தெரியும். ஆகவில்லை. ஆனால் ஆகியிருந்தால் கோர்ட்டில் லோகன் நின்றிருப்பான், மகள் படிப்புக்காக வாங்கிய சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று உன் அம்மா சொல்வார்களே, நாம் லோகனை அந்த ஆண்டி ஆக்கிவிட்டோம்.

நான் இதைப் பல நாள் யோசித்தேன். எனக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. நம் கம்பெனியில் வேலையை ஆரம்பிக்கவும் நிறுத்தவும் செய்வது யார்? நானில்லை, லோகனில்லை. உன் போன்தான். விலை பேசுவது நீ, நாள் குறிப்பது நீ, நாளைக்குள் முடி என்பதும் நீ. அன்றைக்கும் நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேனே தவிர முடியாது என்று சொல்லவில்லை. நீ தலைவி இல்லாமல் வேறு யார்? இத்தனை காலமும் நீதான். பெயர் மட்டும் போடாமல் இருந்தாய்.

உன்னைத் தண்டிக்கச் சொல்லவில்லை, தாமரை. உன்னைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் பெயரும் போனும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். கொடுத்த பெயரை மாற்ற முதலாளிகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம், லோகன் சொன்னான். நான் உன் பெயருக்குக் கையெழுத்துப் போட்டு லோகனிடம் கொடுத்தனுப்புகிறேன். இனி உன் இஷ்டம்.

ஷார்மைன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
14 ஏப்ரல் 2025
சித்திரை முதல் நாள்

என் அன்பு ஷார்மைன்,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அதை மூன்று முறை கிழிக்கப் போனேன். உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், அதைத்தான் கிழித்தேன். எனக்கு டேங்க் மேல் ஏறவே பயம், ஏணியில் நாலு படி ஏறினால் தலை சுற்றும், என்னைப் போய்த் தலைவி என்கிறாளே என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏறச் சொல்லலியே, நிறுத்தத்தானே சொல்றாங்க" என்றார். அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு கையெழுத்துப் போட்டேன். ஷா ஆலம்காரருக்குப் போன் செய்து, இனி நிறுத்தச் சொன்னால் என்னிடம் வராதீர்கள், நிறுத்துவதும் நான்தான் என்றேன். அவர் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொள்ளட்டும். லோகன் சிவப்பு ஹெல்மெட்டை என் மேசையில் வைத்தான். என் தலைக்கு அது பெரிதாக இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சின்னதாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஓப்பிசில் எல்லோரும் இருக்கும்போதே குழுவில் போட்டேன். இன்று முதல் எல்லா டேங்க் வேலைக்கும் நான்தான் தலைவி, நான் சொல்லாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, எது நடந்தாலும் நான்தான் பொறுப்பு என்று. பையன்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிப் போட்டார்கள். எனக்கு மனசு லேசாக இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்போது மேலே வந்தது: முகுந்தன் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஷார்மைன், அந்த எண்ணை எடுக்காமல் விட்டது நாங்கள்தான். போன் மலரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவன் பெயர் அங்கே எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. கிஷன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். எழுதுவதும் நிற்பதும் மறுபடி எழுதுவதுமாக இருந்தது. அவன் பேச ஆரம்பித்து நிறுத்துவதுபோல் இருந்தது. கடைசியில் வந்தது.

"அப்ப என் வீட்டுக்காரருக்கு யாரு பொறுப்பு அக்கா"

எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.  லோகன் என்னைப் பார்க்க ஆரம்பித்தான். இந்த முறை நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

கிள்ளானில் அவள் பிளாட்டுக்கு நான் தனியாகப் போனது இதுவே முதல் தடவை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன் மேசையில் சார்ஜில் கிடந்தது. உட்காருங்க என்றாள், தண்ணீர் கொடுத்தாள்.  அவள்தான் பேசினாள்.

"நிறையப் பேரு வந்தாங்கக்கா. எல்லாரும் 'நடந்துருச்சும்மா'ன்னு சொன்னாங்க. 'விதிம்மா'ன்னு சொன்னாங்க. நான் செஞ்சேன்னு ஒருத்தரும் சொல்லல. இவ்ளோ பெரிய கம்பெனில ஒருத்தரு கூடவா இல்ல?"

"நான்தாம்மா," என்றேன். "அவசரப்படுத்தினது நான். வாசல்ல ஒரு ஆளு இருக்காரான்னு கேக்காதது நான். வேற யாரும் இல்ல."

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள். "ஷார்மைன் அக்கா அங்கதான் நின்னாங்களாம்ல? அவரு தட்டுனது அவங்களுக்குக் கேட்டுச்சா?"

நான் சொல்லிவிட்டேன். "அவங்க என்கூட போன்ல பேசிக்கிட்டு இருந்தாங்கம்மா. அவங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உன்னைப் பற்றி அவள் கேட்ட மாதிரியே இனி யார் கேட்டாலும் இதையே சொல்வேன். மலர் துணியை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அழுதாள். திட்டவில்லை. "வந்து சொன்னீங்களே, அது போதும்" என்றாள். அன்று சாயங்காலம் முகுந்தன் எண் குழுவிலிருந்து தானே விலகிக்கொண்டது. மறுநாள் பெயர் கூப்பிடும்போது லோகன் அந்த இடத்தில் நிற்கவில்லை.

அதனால் சொல்கிறேன், முடிந்தது. அந்தப் பழியை நான் வாங்கிக்கொண்டேன். என் தோள் பெரியது, என் தோலும் தடித்தது, நீயே சொல்வாய். உன்னால் தாங்க முடியாததை நான் தாங்குகிறேன், இத்தனை வருஷம் எனக்காக நீ தாங்கியதற்கு ஈடாக. இனி எவனும் உன்னைக் கேட்க மாட்டான். அகப்பையைக் குழம்பில் போடு. போனை எடுத்து ஆன் செய். வருஷப் பிறப்புப் பாயசம் லோகனிடம் கொடுத்திருக்கிறேன், மூடியை இறுக்கி டேப் ஒட்டியிருக்கிறேன், அவனால் திறக்க முடியாது.

அடுத்த திங்கட்கிழமை உன் மேசையில் உன்னைப் பார்க்க வேண்டும்.

என்றும் உன்
தாமரை


காப்பார்
17 ஏப்ரல் 2025

தாமரை,

பாயசம் நன்றாக இருந்தது. டோரிஸ் பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறாள், லோகன் கொண்டுவருவான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழவில்லை. உடம்பெல்லாம் தளர்ந்துபோய்ப் படுத்துத் தூங்கினேன். மறுநாள் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பாக்சிக் கூரைக்குத் தகரம் அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. தாமரை பார்த்துக்கொண்டாள், இனி எனக்கு ஒன்றுமில்லை என்று படுத்திருந்தேன். அடித்து அடித்து அவர் ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முகுந்தன் தட்டியபோதும் நான் இப்படித்தான் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன்.

நீ அன்பினால் செய்தாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை, வேறு யாரும் எனக்காக இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அது உன்னுடையது இல்லை. அவசரப்படுத்தியது உன்னுடையது, அதை நீ வைத்துக்கொள். இனி டேங்குக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் உன்னுடையவன், அதில் நான் தலையிட மாட்டேன், நல்ல தலைவியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அவன் தட்டியது எனக்குக் கேட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அவன் மனைவி நினைத்துக்கொண்டு வாழக் கூடாது. அவள் மன்னித்தது தப்பான ஆளை.

அதை என்னிடம் திருப்பிக் கொடு. கேட்டால் கொடுப்பாயோ மாட்டாயோ, அதனால் நானே போய் எடுத்துக்கொள்கிறேன்.

கம்பெனிக்கு நான் திரும்பி வர மாட்டேன். என் பங்கை என்ன செய்வது என்று பிறகு பேசிக்கொள்ளலாம், அதற்கு அவசரமில்லை. என் மேசையை வேறு யாருக்காவது கொடு. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் நீ மறுபடியும் எனக்காக எதையாவது வாங்கிக்கொள்வாய், நானும் கொடுத்துவிடுவேன். நமக்குள் அது பழக்கம்.

நாளை பெரிய வெள்ளி. டோரிஸ் கிள்ளான் சர்ச்சுக்கு ஆராதனைக்குப் போகும் வழியில் என்னை மலர் வீட்டில் இறக்கிவிடுவாள். மலர் கதவைச் சாத்தினால் படியில் உட்கார்ந்திருப்பேன். திட்டினால் நின்று கேட்பேன். அவள் என்ன கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொல்வேன்.

நீ அங்கே வராதே. வந்தால் நீதான் பேசுவாய்.

ஷார்மைன்